ஏழு பாத்தியை ஒண்ணாக்கினேன்

ஞாயித்துக்கிழமை வேலை ஒண்ணே ஒண்ணுதான். சொசைட்டிக்குப் பின்னாடி இருக்குற காய்கறிப் பாத்திகளை நேராக்கணும்.

டெல்லி மயூர் விஹார்ல எங்க பிளாக்குல ஏழு வீட்டுக்கு ஏழு துண்டு நிலம். ஒண்ணு முக்கோணம், ஒண்ணு வாழைப்பழம் மாதிரி வளைசல். நடுவுல புல்லு முளைச்ச வரப்பு. "உன் சுரைக்கொடி என் பக்கம் வருது"ன்னு தினமும் பஞ்சாயத்து.

நான் யாரு? ஆபீஸ்ல நில ஒருங்கிணைப்பு ஃபைல் பாக்குறவன்! சிதறிக் கிடக்குற வயல்களைச் சேத்து, விவசாயிங்களுக்கு ஒழுங்கா பிரிச்சுக் குடுக்குற திட்டம். மண்ணை மட்டும் தொட்டதில்ல.

"எல்லாத்தையும் ஒண்ணாக்கி, நேர்கோடு போட்டுப் பிரிச்சுக்கலாம்"னேன்.

கீழ்வீட்டு குப்தா ஜி இழுத்தாரு. "ராஜன் ஜி, நான் வருஷக்கணக்கா சாணி போட்ட மண்ணு..."

"அச்சா! இனிமே எல்லாருக்கும் கிடைக்கும்!"

"மண்வெட்டி போதாதா?"ன்னா என் மனைவி.

கேட்டேனா? ஜேசிபி வந்துச்சு.

"பையா, ஜல்தி! கேரம் போர்டு மாதிரி ஆகணும்!"னு டிரைவரை விரட்டினேன்.

ஆச்சு. வரப்பு காலி, புல்லு காலி. நல்ல மண்ணு மொத்தமும் ஒரு மூலைல குவியல். மிச்ச இடமெல்லாம் வண்டிச் சக்கரம் ஏறி ஏறி சிமெண்ட் தரை மாதிரி இறுகிப்போச்சு. நான் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தேன்.

சீட்டு குலுக்கிப் பிரிச்சோம். குப்தா ஜி தன் புது பாத்தியைக் கொத்தினாரு. செங்கல் வந்துச்சு. டைல்ஸ் வந்துச்சு. அப்புறம் பாதி வாஷ்பேசின்.

"ராஜன் ஜி, இது என்ன விதை?"

"அட்ஜஸ்ட் ஆகிடும் ஜி."

மறுநாளே மழை. முன்னாடியெல்லாம் தண்ணி வரப்புல நின்னு நிதானமா உள்ள இறங்கும். இப்ப நிக்க வரப்பும் இல்ல, இறங்க வழியும் இல்ல. குவியலை அப்படியே அள்ளிக்கிட்டு பார்க்கிங்குக்கு ஓடிருச்சு!

சொசைட்டி தலைவரோட புதுக் கார், சக்கரம் முங்குற அளவுக்குச் சேறு.

"யாரோட மண்ணுய்யா இது?"ன்னு கத்தினாரு.

"இப்ப எல்லாரோடதும் சார்"னேன்.

சாயங்காலம் வரைக்கும் நான்தான் அந்தச் சேத்தைச் சட்டியில அள்ளிப் பாத்தியில கொட்டினேன். குப்தா ஜி நாற்காலி போட்டுப் பாத்தாரு. முதுகு வலிச்சதைவிட அதுதான் வலிச்சுது.

அள்ளிப் போட்ட மண்ணும் அடுத்த மழையில போச்சு. அந்த சீசன் ஒரு வெண்டைக்கா கிடையாது.

போன வாரம் கதவைத் தட்டினாரு குப்தா ஜி. கையில கிரிக்கெட் பேட்டு.

"வாங்க ராஜன் ஜி, பவுலிங் போடுங்க. தரை ஜபர்தஸ்த், பிட்ச் மாதிரியே இருக்கு!"

என் செல்ஃபியைப் பாத்துட்டு, விளைச்சல் எப்படின்னு ஆபீஸ்ல கேட்டாங்க. பந்து நல்லா எகிறுதுன்னு சொல்லிட்டேன்.