முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து, என் பெண்டாட்டியை வெறித்தனமாகக் காதலிப்பது என்று முடிவெடுத்தேன். காரணம் ஒரு ருஷ்யாக்காரன்.

நடைபாதையில் சாக்கு விரித்து, பேரம் பேசிப் பேசியே பழைய புத்தகக் கடை வைத்தவன் நான். கடையிலிருந்து அவள் எடுத்துவந்த எழுநூறு பக்க ருஷ்ய நாவலில் ஒரு ராணுவ அதிகாரி. திரும்பிக்கூடப் பார்க்காத ஒருத்திக்காக உருகி உருகிச் சாகிறான். அவனுக்காக இவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். நான் டைபாய்டில் கிடந்தபோது கண்ணைக்கூடக் கசக்காதவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"முழுசாப் படிச்சுட்டு எனக்குப் பதில் சொல்லுங்க."

நான் புத்தகம் பார்க்கும் முறை தனி. முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம். கிழியாமல் இருந்தால் முழுப் புத்தகம். இருபது வருஷத்தில் நடுப்பக்கம் பார்த்ததில்லை. எவனிடமும் ஏமாந்ததுமில்லை.

அன்றிலிருந்து நானும் உருகினேன். தாடி விட்டேன். ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டேன். அவள் பேச வந்தால் கைகாட்டி நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தேன்.

"என்னங்க, கழுத்துச் சுளுக்கா?"

"காதல்."

"யார் மேல?"

"உன் மேலதான்டி."

"அப்போ என்னைப் பாருங்க. ஜன்னல்ல என்ன இருக்கு? அவனும் இப்படித்தான். அவளை ஒருநாள்கூடச் சாப்பிட்டியான்னு கேட்டதில்லை. அவன் காதலிச்சது அவளை இல்லை, காதலிக்கிற தன்னை."

நல்ல வேளை, நான் அந்த ரகமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"படிச்சாச்சா?" என்று தினமும் கேட்டாள். நாற்பதாம் நாள் எரிந்து விழுந்தேன்.

"வரிக்கு வரி படிச்சாச்சு."

கரண்டியைக் கீழே வைத்தாள். "நடுவுல இருந்ததையும்?"

"அதையும்தான்."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லையா?"

"என்ன சொல்ல? எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்குச் சம்மதம்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். சொக்கிப்போய்விட்டாள் என்று மீசையைத் தடவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் வீடு பூட்டியிருந்தது. உள்ளே அவள் பெட்டி இல்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"இங்கதான் இருக்கா. நீங்க சம்மதிச்சுட்டீங்களாமே, மாப்பிள்ளை."

அதற்குப் பிறகுதான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒன்பதாம் நாள், முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மடித்த தாள். அவள் கையெழுத்து.

"நான் இந்த வீட்டுல இருக்கிறதே உங்களுக்குத் தெரியல. அண்ணன் வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன். முன்னால பின்னால வெச்சா உடனே கண்ணுல பட்டுடும்னு தெரியும். தெரிஞ்சுதான் நடுவுல வெச்சேன்."