மகாசௌக்கியம் கப்பலின் கோட்டுச் சட்டம்

பவளத்துக்கு இந்நேரம் புதுப் பல் முளைத்திருக்கும் என்று அஞ்சுகம் நினைத்தாள். கப்பல் ஏறும்போது மகளின் மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. நாக்கால் தள்ளாதே என்று சொல்லி, ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தாள். தள்ளியிருப்பாள். விழுந்த பல்லை அம்மா வந்ததும் காட்ட வேண்டும் என்று எங்காவது பொதிந்து வைத்திருப்பாள். அம்மா வரவில்லை. ஒரு நாள், அதை எங்கே வைத்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருக்கும். அந்த ஒரு நாளை நினைக்கும்போதுதான் அஞ்சுகத்துக்கு மூச்சு முட்டியது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது சொல்லக்கூடிய இடமும் இல்லை. விருந்துக் கூடத்தில் எல்லோரும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் வியர்த்தபடி கப்பல்வேந்தரின் உரையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் நூல் புடவைக்கு மேல் கோட்டு அணிந்திருந்தாள். வெள்ளிக் கிண்ணத்தில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

மகாசௌக்கியம் என்னும் அந்தக் கப்பல் ஆதியில் ஒரு நாடாக இருக்கவில்லை. விடுமுறைக்காரர்களை ஏற்றிச் சில தீவுகளைச் சுற்றிக் காட்டி, பத்தாம் நாள் புறப்பட்ட துறையிலேயே இறக்கிவிடும் பாய்மரக் கப்பலாக இருந்தது. கப்பல்வேந்தரும் அப்போது வேந்தர் அல்லர். சுக்கான் பிடிக்கும் மாலுமி. "ஏம்ப்பா, அடுத்த தீவு எப்போ வரும்?" என்று பயணிகள் அவரைக் கேட்பார்கள். அவரும் பதில் சொல்வார்.

ஓர் இரவு, ஒருவர் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகச் சாப்பிட வந்தார். அவர் பெயர் சிங்காரநாதன். பக்கத்து மேசையில் பட்டுடுத்தி, தலை நிறையப் பூ வைத்து அமர்ந்திருந்த மங்களேஸ்வரி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆயுசுக்கு ஒரு தடவை வருகிற பயணம், அதிலும் கண்டவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டா சாப்பிடுவது என்றார் அம்மாள். வருடம் முழுக்க அலுவலகத்தில் கழுத்தை இறுக்கிக்கொண்டது போதாதா, காசு கொடுத்து ஓய்வெடுக்க வந்த இடத்திலுமா என்றார் சிங்காரநாதன். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. விடிந்தபோது கப்பல் இரண்டு கட்சியாகியிருந்தது.

பத்தாம் நாள் துறைமுகம் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. கரை வைத்த வேட்டி விழா உடையா, வெறும் வேட்டியா என்று அன்று மேல்தளத்தில் காரசாரமான விவாதம் நடந்துகொண்டிருந்தது. அந்த மாலுமி மட்டும்தான் கவனித்தார். அன்று முழுக்கத் தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதையும் கவனித்தார்.

மறுநாள், கப்பல்வேந்தர் என்ற பெயரில் அவருடைய முதல் ஆணை வந்தது. கப்பலின் கண்ணியத்தை முன்னிட்டு இரவு உணவுக்குக் கோட்டு கட்டாயம். கோட்டு இல்லாதவர்களுக்கு அறைகளின் திரைச்சீலைகளை வெட்டித் தைத்துத் தரப்பட்டது. வெயில் நேராகப் படுக்கையில் விழுந்தது. இரண்டாம் ஆணையில் காலை உணவுக்கும் கோட்டு வந்தது. படுக்கை விரிப்புகள் போயின. மூன்றாம் ஆணை, தளத்தில் உலாவுவதற்கும் கோட்டு. வெட்டுவதற்கு வேறு துணி இல்லாததால் பாய்மரத்திலிருந்து ஒரு பாயை இறக்கினார்கள். கப்பலின் வேகம் குறைந்தது. கடல் அழகை நிதானமாக ரசிப்பதற்கு வகை செய்த வேந்தருக்கு நன்றி தெரிவித்து ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு அணிந்து வரத் தனிக் கோட்டு வேண்டியிருந்தது. இன்னொரு பாய் இறங்கியது.

உடைத்துறை அமைச்சராக அமர்ந்தவர் சிங்காரநாதன். அரைக்கால் சட்டை பற்றி யாரோ நினைவூட்டியபோது, தான் அந்தக் காலத்தில் எதிர்த்தரப்பில் இருந்ததாக அவர் விளக்கம் அளித்தார். பதவி கிடைக்காத மங்களேஸ்வரி அம்மாள் பின்தளத்துக்குப் போய், திறந்த பொத்தான் இயக்கத்தைத் தொடங்கினார். கழுத்துப் பொத்தானைக் கழற்றுவதே விடுதலை என்று அவர் பேசினார். அந்த இயக்கத்துக்குக் கொடிகள் தேவைப்பட்டன. சமநீதி கருதி அவர்களுக்கும் ஒரு பாய் ஒதுக்கப்பட்டது.

இப்படியாக மகாசௌக்கியத்தில் ஒரே ஒரு பாய் மிஞ்சியிருந்த நிலையில்தான் அந்த விருந்து நடந்தது. வேந்தரின் உரை முடிந்து கைதட்டல் அடங்கியதும் அஞ்சுகம் எழுந்து நின்றாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்யவில்லை. கால்கள் முடிவு செய்துவிட்டன என்று தோன்றியது.

"ஐயா, நாம கரைக்கு எப்போ போவோம்?"

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. வேந்தர் அமைச்சரைப் பார்த்தார். சிங்காரநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"ஆழ்ந்த கேள்வி. இதைக் கேட்கும் சகோதரி, கோட்டின் மேல் பொத்தானைப் போடவில்லை என்பதை இந்த அவை கவனத்தில் கொள்ள வேண்டும்."

எல்லோரும் அவள் கழுத்தைப் பார்த்தார்கள். பொத்தான் போடப்படவில்லை என்பது உண்மைதான். வியர்வைக்காகக் கழற்றியிருந்தாள். கேள்வி அத்துடன் முடிந்தது.

மறுநாள் காலையில் மங்களேஸ்வரி அம்மாளின் ஆட்கள் அவள் அறைக்கு மாலையுடன் வந்தார்கள். வேந்தரின் முன்னாலேயே பொத்தானைத் திறந்து காட்டிய வீராங்கனை என்றார்கள். அவள் அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். முதலில் பொத்தான், அப்புறம் கரை என்று அவர்கள் பதில் சொல்லி, மாலையைக் கதவில் தொங்கவிட்டுப் போனார்கள்.

அவளுடைய கணவன் குணசீலன் கோட்டுக் கட்சியில் நடுத்தளச் செயலாளராக இருந்தான். ஊரில் சாதுவான மனிதன். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையைக்கூடக் கேட்டு வாங்கமாட்டான். கப்பலில் அவனுக்கு ஒரு கோட்டும் அதில் குத்த ஒரு வில்லையும் கிடைத்த பிறகு, நிற்கும் விதமே மாறியிருந்தது. மாலையைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்தது.

"என் மானத்த வாங்கிட்டியே அஞ்சுகம். நாலு பேர் என்ன கேக்கிறாங்க தெரியுமா? உம் பொண்டாட்டி அந்தப் பக்கமான்னு."

"நான் ஒரு பக்கமும் இல்லீங்க. வீட்டுக்குப் போகணும்னேன்."

"போவோம். போகாமயா? பவளம் நம்மள இந்தக் கோட்டுல பாத்தா அசந்துடுவா."

"நம்மள அடையாளம் தெரிஞ்சாப் போதும்," என்றாள் அவள்.

அவன் திரையில்லாத சன்னலின் பக்கம் திரும்பி, வில்லையைத் துடைக்கத் தொடங்கினான். அவனுக்கும் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வலி தெரியாமல் இருக்கத்தான் அவன் இவ்வளவு இறுக்கமாகப் பொத்தான் போடுகிறான் என்றும் தோன்றியது. அவள் மேலும் குத்த விரும்பவில்லை.

அந்த மாதத்தில் தேர்தல் அறிவிக்கப்பட்டது. மூடிய பொத்தானா, திறந்த பொத்தானா என்று கப்பல் தானே முடிவு செய்யும் என்றார் வேந்தர். வேறு எந்தக் கப்பலும் காணாத தேர்தலாக இருக்க வேண்டும் என்ற ஆசையில், ஒரு வாக்கு விடாமல் எல்லோரும் போட்ட பிறகே பெட்டி திறக்கப்படும் என்று சட்டம் செய்தார். இரண்டு கட்சிகளுக்கும் ஒன்றின்மேல் ஒன்றுக்கு நம்பிக்கை இல்லாததால் நடத்தை விதிகளும் உருவாகின. முடிவு வெளியாகும்வரை கப்பலில் எவரும் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. புதிய ஆணை எதுவும் கூடாது. வாக்காளரை வற்புறுத்தும் கட்சி தோற்றதாகக் கருதப்படும். விதிகளைச் சிங்காரநாதனும் மங்களேஸ்வரி அம்மாளும் நேருக்கு நேர் அமர்ந்து இயற்றினார்கள். கத்தரிக்கோல்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிடப்பட்டன.

வாக்களிப்பு நாளில் அஞ்சுகம் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற குணசீலன், வெற்றி விழாவுக்கு வேந்தருக்கு நீண்ட வால் வைத்த கோட்டு தைக்கப்போகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னான். துணி எங்கே என்று அவள் கேட்டாள். அவன் மேலே கையைக் காட்டினான். பின்னால் நின்ற பெண், மங்களேஸ்வரி அம்மாள் ஜெயித்தால் கப்பலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கொடி பறக்கும் என்றாள். அதற்குத் துணி? அவளும் மேலேதான் காட்டினாள்.

அஞ்சுகம் அண்ணாந்து பார்த்தாள். கடைசிப் பாய் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சற்றுக் கிழிந்திருந்தது. இவ்வளவு நாளும் அதைத் துணியாகவே பார்த்துப் பழகிவிட்டோம் என்று நினைத்தாள். தன் கண்ணும்தான். பார்க்கும்போதெல்லாம், இதில் எத்தனை கோட்டு தைக்கலாம் என்ற கணக்கு தனக்குள்ளும் ஓடியது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில், நெடுநாளாகத் தான் தேடிய ஏதோ ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது கோபம் என்று கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வரிசையை விட்டு விலகி அறைக்குப் போனாள். போகும் வழியில் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். காற்று தோளில் பட்டது.

மாலைக்குள் மற்ற எல்லோரும் வாக்களித்து முடித்தார்கள். பெட்டியைத் திறக்க முடியவில்லை. முதலில் அது மறதி என்று எண்ணினார்கள். பிறகு உடல்நலக் குறைவு என்று அறிவித்தார்கள். வற்புறுத்தக் கூடாது என்பதால், தேர்தல் அலுவலர் அவள் அறை வாசலில் வாக்குச்சீட்டும் பேனாவுமாகப் பணிவோடு காத்திருந்தார். சீட்டில் இரண்டு படங்கள்தான் இருந்தன. மூடிய பொத்தான், திறந்த பொத்தான்.

நாட்கள் போயின. கத்தரிக்க வழியில்லாததால் தையற்கூடம் மூடிக் கிடந்தது. ஊசி பிடித்த கப்பலாட்கள் வேலையில்லாமல் சலித்துப்போய், பழக்கதோஷத்தில் கயிறுகளைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவன் பாயின் கிழிசலை ஒட்டுப்போட்டான். அது கத்தரிப்பு அல்ல என்பதால் தடுக்க விதி இல்லை. ஒரு பகல், காற்று வந்து பாயில் நிறைந்தது. கப்பல் சற்றுச் சாய்ந்து நிமிர்ந்தது. விருந்துக் கூடத்தில் வெள்ளிக் கிண்ணங்கள் ஒரே பக்கமாக நகர்ந்தன. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என்ன இது என்று ஒரு சிறுமி கேட்டாள். போகிறோம் போலிருக்கிறது என்றார் அவளுடைய தகப்பனார். அந்தச் சொல்லை உச்சரித்து அவருக்கு வெகுநாளாகியிருந்தது.

அன்று சிங்காரநாதனும் மங்களேஸ்வரி அம்மாளும் சேர்ந்து அஞ்சுகத்தின் அறைக்கு வந்தார்கள். இருவரும் ஒன்றாக நடந்து வருவதைக் கப்பல் அதுவரை பார்த்ததில்லை. வழியில் அம்மாளின் புடவை தடுக்கியபோது அமைச்சர் கைகொடுத்தார்.

வாக்களித்தால் வேந்தரின் மேசையில் நிரந்தர இடம் தருவதாகச் சிங்காரநாதன் சொன்னார். எந்த உடையிலும் உலாவ ஆயுள் உரிமை தருவதாக மங்களேஸ்வரி அம்மாள் சொன்னார்.

"தங்கச்சி, உனக்குன்னு ஒரு கருத்து இல்லாமலா இருக்கும்?" என்றார் அம்மாள்.

"இருக்குதுங்கம்மா. அது சீட்டுல இல்ல."

இருவரும் போய்விட்டார்கள். வாசலில் நின்ற குணசீலன் அவர்களைப் பின்தொடரவில்லை. உள்ளே வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் கடலின் நீலம், கரை நெருங்கும்போது மாறுவதைப் போல, வெளுத்துப் பச்சையாகியிருந்தது. கப்பல்வேந்தரே வந்தார். முன்னால் கட்டியம் கூறுபவனும் இல்லை, பின்னால் குடை பிடிப்பவனும் இல்லை. தேர்தல் அலுவலரை விலகிப் போகச் சொல்லி, வாக்குச்சீட்டைத் தானே வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். அருகில் பார்க்க அவர் அவ்வளவு உயரமாக இல்லை. உள்ளங்கையில் சுக்கான் காய்ப்பு இன்னும் இருந்தது.

"அம்மா, நீங்கள் எங்கள் தரப்புக்குத்தான் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை," என்றார். "அந்தம்மாவுக்கே போடுங்கள். எனக்கு வருத்தமில்லை. எதற்கு வேண்டுமானாலும் போடுங்கள். போட்டால் போதும்."

அஞ்சுகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு நாளும் அவர் ஒரு கட்சியின் தலைவர் என்றே நினைத்திருந்தாள். அவருக்கு வேண்டியது வெற்றி இல்லை, கத்தரிக்கோல் பெட்டி திறப்பதுதான் என்று இப்போதுதான் தெரிந்தது. கட்டிலில் இருந்த குணசீலனும் தலையைத் தூக்கினான்.

"கரை வந்தா உங்களுக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

வேந்தர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பிறகு மேடைப் பேச்சு அவரை விட்டுப் போனது.

"எல்லாரும் எறங்கிப் போயிருவீங்கம்மா. எறங்கறப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டீங்க. நான் அங்க வெறும் மாலுமி."

அவருடைய குரல் உண்மையாக இருந்தது. அதனால் அவளுக்கு இரக்கம்கூட வந்தது. இரக்கத்தில் கை நீண்டுவிடுமோ என்று ஒரு கணம் பயந்தாள். இப்படித்தானே ஒவ்வொருவரும் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் பொல்லாதவர்களுக்குக் கொடுக்கவில்லை. கேட்பவரின் முகத்தைப் பார்த்துத் திரைச்சீலையைக் கொடுத்தார்கள், விரிப்பைக் கொடுத்தார்கள், பாய்களைக் கொடுத்தார்கள். மேலே காற்றில் கயிறு முறுகும் ஓசை கேட்டது.

அவர் சீட்டை நீட்டினார். பேனாவின் மூடியையும் தானே திறந்து கொடுத்தார்.

அஞ்சுகம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள்.