நெரிஸ் வண்டியை மட்டம்பிடித்த படலம்

"இன்னிக்கு ராத்திரியும் நான் கிளின் மேல உருண்டு விழுந்தா, நேரா ஊருக்குள்ள போய் ரூம் போட்டுடுவேன். சொல்லிட்டேன்," என்றாள் பெட்சன்.

"பெட்சன் உருண்டாக்கூடப் பரவாயில்ல, நெரிஸ். பின்னாடியே அவ பெட்டியும்ல உருண்டு வருது!" என்றான் பெட்சனின் கணவன் கிளின்.

"ரெண்டு பேரும் எழுந்திருங்க. வண்டியை மட்டம் பிடிச்சுக் காட்டுறேன்," என்றாள் நெரிஸ்.

வாழி நெரிஸ்! வேல்ஸ் நாட்டுக் கடல்முகட்டு வயலின் வேந்தே, வாழி! ஆறாண்டுச் சேமிப்பு அனைத்தையும் படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த, முப்பது வயதுத் துருவேறிய கேம்பர் வேன் ஒன்றுக்கு வாரி வழங்கிய வள்ளலே, குளிர்காலம் முழுதும் வரைபடத்தின் மேல் கவிழ்ந்து கிடந்து இந்த மூன்று நாளைக் கனாக் கண்ட கண்ணினளே, வாழி!

அவளை எதிர்த்து நின்ற பகையோ படையன்று, பேயன்று. சரிவு. கண்ணுக்குப் புலப்படாத, காலுக்கும் புலப்படாத, படுத்தவர் முதுகுக்கு மட்டுமே தன் கொடுமுகம் காட்டும் வஞ்சகச் சரிவு. நீண்ட விடுமுறையாதலால், இத்தகைய வண்டிகள் வந்து தங்கும் அந்த வயலில் வேறு இடமில்லை. நண்பர்கள் இருவரும் ரூமுக்குப் போய்விட்டால், கனவு கண்ட கடலோரத்தில் அவள் தனியே ஒரு மூலைக்கு உருண்டு கிடக்க வேண்டியதுதான்.

தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னே, பொன்னிற யானைக்குட்டிகள் இரண்டு மண்டியிட்டாற்போல் ஏற்றக்கட்டைகளை வைத்தான் கிளின். வண்டிக்குள் அடுப்பு மேடையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தபடி பெட்சன் நின்றாள். வயலெங்கும் மடக்கு நாற்காலிகளில் தேநீர்க் குவளையோடு வீற்றிருந்த பெருமக்கள் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினர். ஒருவரும் பார்க்கவில்லை, ஒருவர் கண்ணுக்கும் எதுவும் தப்பவில்லை.

முதற்போரில் ஊர்தி பாதிக்கட்டை ஏறிப் பெருமூச்செறிந்து பின்வாங்கியது. ரசமட்டத்தின் குமிழி, அரண்மனை விட்டோடிய இளவரசிபோல் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. இரண்டாம் போரில் சினங்கொண்ட நெரிஸ் காலை அழுத்த, "போதும், போதும், நிறுத்து!" என்ற கிளினின் ஓலத்தைக் கடற்காற்று கவர்ந்து அயர்லாந்துக்கு அனுப்ப, சக்கரங்கள் கட்டையின் உச்சியைத் தாண்டி அப்பால் இடியென இறங்க, சட்டிகள் முரசறைய, கரண்டிகள் சங்கூத, கடற்பறவைகள் ஐம்பது ஒருங்கே எழுந்து அவளைப் பார்த்துக் கெக்கலித்தன.

பக்கத்து வண்டிப் பெரியவர் நாயோடு வந்தார். "இடது பக்கம் கொஞ்சம் ஒடிக்கணும்மா," என்றார். நாயும் அதையே நினைத்ததுபோல் பார்த்தது.

கன்னம் சிவந்த நெரிஸ் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வஞ்சினம் உரைத்தாள்: "அந்தக் குமிழி நடுவுக்கு வர்ற வரைக்கும் இங்க யாருக்கும் சாப்பாடு கிடையாது!"

"ஐயோ, எனக்குமா?" என்றான் கிளின்.

மூன்றாம் போர். காற்று அடங்கியது. ஊர்தி முதிய யானையின் நிதானத்தோடு ஒரு விரற்கடை ஏறியது, நின்றது, இன்னும் அரை விரற்கடை ஏறியது. குமிழி நகர்ந்தது, தயங்கியது, இரு கோடுகளின் நடுவே, அரியணையில் அமரும் அரசிபோல் அமர்ந்தது. நெரிஸ் கைப்பிரேக்கை இழுத்த ஓசை வெற்றிமுரசாய் ஒலித்தது. பெரியவர் ஒருமுறை தலையசைத்தார். அந்நாட்டில் அதற்கு மேல் ஒரு பாராட்டில்லை.

பின்னர் மின்வடம் பூட்டப்பட்டது. கூரை உயர்த்தப்பட்டது. முகப்புக் கூடாரம் பன்னிரண்டு முளைகளால் பூமியோடு பிணைக்கப்பட்டது. பெட்சன் தன் பெட்டியைத் திறந்து இரவுடையை எடுத்துப் படுக்கையில் வைத்தாள்; எந்தச் சொல்லும் தேவையற்ற சரணாகதி அது. கிளின் கெட்டிலை அடுப்பேற்றினான். நெரிஸ் நாற்காலியில் சாய்ந்தாள். எதிரே கடல், அவளுடைய ஊர்தியின் தளத்துக்கு இணையாகத் தன்னைச் சரிசெய்துகொண்டு, கப்பம் கட்ட வந்த குறுநில மன்னன்போல் பணிந்து கிடந்தது.

தேநீருக்குப் பால் எடுக்கக் கிளின் குளிர்பெட்டிக் கதவைத் திறக்கும் ஓசை உள்ளேயிருந்து கேட்டது.

"நெரிஸ், நீ ஏத்தி இறக்கினதுல பால் முழுக்கக் கொட்டிப்போச்சு, கடை நாலு மைல் தள்ளி இருக்கு, வண்டியைக் கொஞ்சம் எடுக்கிறியா?"