இடப்பக்கம் ஒதுங்கி நுழையும் மரபு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் சர்க்கரையும் அடங்கி இருக்கும் என்று நம்புகிறேன்.

என் மகளை மண்ணில் வைத்த அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: என் மாமனார், என் வீட்டுக்காரர், மண்வெட்டியோடு வந்த மேஸ்திரி, வண்டிக்காரர், வண்டிக்குள் படுத்திருந்த நான், குழந்தையைக் கையில் ஏந்தி வந்த நீ. வேறு யாராவது இருந்ததாக எவன் சொன்னாலும் பொய்.

நீ எழுதிய நம் ஊர்க் கல்லறை வரலாற்றை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன். அங்கே முதலில் அடக்கமானவர் மில் முதலாளி என்று போட்டிருக்கிறாய். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதுதான் போன இடமெல்லாம் முதல் நாற்காலி, செத்த பிறகுமா? அவருக்கு நாலு வருஷம் முன்பே, அது வெறும் பொட்டலாகக் கிடந்தபோது, என் மகள் அங்கே போய்விட்டாள். பெயர் வைக்கக்கூட அவகாசம் தரவில்லை. மண் இளகிய இடமாகப் பார்த்துப் பாதையோரத்தில் மேஸ்திரி வெட்டினார். கல் வேண்டாம் என்றுவிட்டார் மாமனார். முதலாளி போனதும் சுவர் எழும்பியது, கேட் வந்தது, சரியாக அவள் மேலேயே வந்தது. என் வீட்டுக்காரரிடம் அழுதேன். “மில்லுல சம்பளம் வாங்கிக்கிட்டு, கேட்டை நகர்த்துங்கன்னு எந்த வாயால கேக்கறது?” என்றார். அதிலிருந்து நான் அங்கே நுழையும்போதெல்லாம் இடப்பக்கம் சுவரை ஒட்டித்தான் போவேன். என் நாத்தனார் பார்த்துவிட்டு, “என்ன அண்ணி, நண்டு மாதிரி போறீங்க?” என்றாள். “அப்படித்தான் போகணும்” என்றேன். அவள் வாயில் எது தங்கும்? அடுத்த சாவுக்குப் பெண்கள் எல்லாரும் நண்டு. அதற்கடுத்த சாவில் பெட்டி தூக்கியவர்களும் ஒதுங்கப்போய் பெட்டி சுவரில் இடித்தது. உள்ளே இருந்த தலைமையாசிரியர் எழுந்து அதட்டப்போகிறார் என்று எல்லாரும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டார்கள். இதைத்தான் நீ, முதலாளிக்கு மரியாதை செய்ய நம் முன்னோர் வகுத்த தொன்மையான மரபு என்று எழுதியிருக்கிறாய். முன்னோர் யாரும் இல்லை, நான்தானடா.

அடுத்த பதிப்பில் இதைத் திருத்து. கேட்டையும் நகர்த்தச் சொல். மாமனார், மேஸ்திரி, முதலாளி எல்லாரையும் மன்னித்துவிட்டேன். வீட்டுக்காரரைச் சற்றுத் தாமதமாக.

பிள்ளை குட்டிகளோடு நோய்நொடி அண்டாமல் நூறாண்டு இரு.

அக்கா

பி.கு.: எதையும் திருத்தாதே. திருத்தினால் கல் நடுவார்கள், மாலை போடுவார்கள், மைக்கில் பேசுவார்கள், மறந்துபோவார்கள். இப்போது காரணம் தெரியாமலேயே ஊர் மொத்தமும் அவளை மிதிக்காமல் சுற்றிப் போகிறது. முதலாளிக்கே கிடைக்காத மரியாதை அது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் உன் புத்தகத்தைக் கல்லறையிலேயே வைத்து வெளியிட்ட அன்று எல்லாரும் ஒதுங்கித்தான் நுழைந்தார்கள். அவளைச் சுமந்து வந்தவன் ஒருவன் மட்டும் செல்போனில் பேசிக்கொண்டே நட்டநடுவில் நடந்து போனான். மேலே மன்னித்தவர்கள் கணக்கில் உன்னைச் சேர்த்துக்கொள்ளாதே, தம்பி.