ஷைனியின் இரண்டாவது கல்

தன்னைப் பொறுப்பான அப்பா என்று நம்புகிறவன் கையில் சாம்பிள் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

என் மகள் ஷைனிக்கு அப்போது ஒன்பது வயது. முதல் முறை சிறுநீரகத்தில் கல் வந்து, அது தானாக வெளியேறியபோது ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதே வருஷம் இரண்டாவதும் வந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"திரும்பத் திரும்ப ஏன் வருதுன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். ஒரு நாள் முழுக்கப் போகும் சிறுநீரைச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்.

எண்ணூரில் டேங்கர் லாரிகளில் எண்ணெய் சாம்பிள் எடுப்பதுதான் என் வேலை. "சாம்பிள் மேட்டரா? எங்கிட்ட வுட்டுடு" என்றேன் மனைவி பிலோமினாவிடம். ஞாயிறு முழுக்க மகள் பின்னாலேயே பாட்டிலோடு அலைந்தேன். (அவள் எழுந்தால் நானும் எழுவேன்.)

மறுநாள் காலை, வழியில் குடிக்க பிலோமினா எலுமிச்சை ஜூஸும் கொடுத்தாள், அதே மாதிரி பாட்டிலில். நான் பொறுப்பானவன் அல்லவா, இரண்டிலும் 'ஷைனி, வயது 9' என்று எழுதி ஒட்டினேன்.

லேபில் ஒன்றை ஷைனியிடம் கொடுத்து, "ஒரு சொட்டு வைக்காம குடி" என்று உட்காரவைத்தேன். மற்றதை நீட்டினேன்.

வாங்கிய பெண் தூக்கிப் பார்த்து, "அடியில இன்னாவோ கீதே சார்" என்றார்.

வெள்ளையாக, உருண்டையாக ஒன்று.

"கல்லு வந்துடுச்சு" என்று காத்திருந்த அத்தனை பேருக்கும் பாட்டிலைக் காட்டினேன். ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்தார். ஒரு அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

லேப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்தார். "சார், இது எலுமிச்சங்கொட்டை."

அப்படியானால் மகளிடம் இருப்பது?

"தொறந்ததுமே தெரிஞ்சிடுச்சுப்பா, மூடிட்டேன்" என்றாள் ஷைனி. "அல்லாரும் உனக்குக் கைகுடுத்துகினு இருந்தாங்க. அதான் சொல்லல."

பிறகு சரியான பாட்டிலைச் சோதித்ததில், ஒரு நாள் சிறுநீர் அளவே மிகக் குறைவு என்றார் டாக்டர். "ஸ்கூல்ல தண்ணி குடிப்பியா?"

"குடிச்சா பாத்ரூம் போவணும். அங்க கலீஜா கீது. வூட்லயும் குடிக்காமயே பழகிடுச்சு."

பசிக்கு மட்டும் தினமும் உப்புத் தூக்கலான சிப்ஸ் தின்றாளாம். தண்ணீர் குறைவு, உப்பு அதிகம். இரண்டும் சேர்ந்தால் கல் திரும்ப வரத்தான் செய்யும் என்றார் டாக்டர். பாட்டிலோடு அலைந்த நான், அந்த ஒரு கேள்வியை அவளிடம் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் அவளே தலைமையாசிரியை முன் நின்றாள். "மிஸ், பாத்ரூமுக்குப் பயந்து எங்க கிளாஸ்ல யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. எனக்கு ரெண்டு வாட்டி கல்லு வந்துடுச்சு." கூடப் போன நான் அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மாதத்தில் குழாயில் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பீரியடுக்கு ஒரு முறை வகுப்பே தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது.

மூன்று வருஷமாக ஸ்கேனில் கல் இல்லை. பள்ளியில் அவள் பெயர் 'தண்ணி ஷைனி'. வாசலில் என்னைப் பார்த்தால், "தண்ணி ஷைனியோட அப்பா வந்துட்டாரு" என்று பிள்ளைகள் உரக்கச் சொல்லும். விஷயம் தெரியாதவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன்.