நொடிக்கு அறுபது

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு எதிரே இருந்த ஆவண விரைவாக்க இயக்ககத்தில் எதுவும் தாமதமாவதில்லை. ஒரு கோப்பு அடுத்த மேஜைக்குப் போனதும் முந்தைய மேஜைக்காரர் பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். இப்படி ஒரே மனு பதினோரு முறை முடிந்த பிறகும் மனுதாரர் வாசலிலேயே நிற்பதுண்டு. அது அவருடைய சொந்த விஷயம்.

இரண்டாயிரத்து நாலில், ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சாக இருந்தபோது, இயக்ககத்துக்கும் அந்த ஆசை வந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை வாங்கினார்கள். முழுக் கம்ப்யூட்டரும் அதிலேயே அடக்கம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகத் தீப்பெட்டி அளவில் ஒரு மெமரி கார்டு. அது எவ்வளவு வேகமாக எழுதுகிறது என்று அளந்து சான்று தரும் பொறுப்பு மௌரீனுக்கு வந்தது.

மௌரீன் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து பஸ் ஏறி வருபவள். ஒன்பது வருஷமாகத் தற்காலிகப் பொறியாளர். ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் அவளை ஒரு நாள் வேலையை விட்டு நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் ஒன்பது வருஷமும் அவள் புதியவள். இந்தச் சான்று கைக்கு வந்ததும் வேலை நிரந்தரம் என்று துணை இயக்குநர் கோவிந்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

மூன்று நாள் அளந்தாள். ஏரியில் கொக்குகள் அசையாமல் நிற்பது ஜன்னல் வழியே தெரிந்தது. பலகையும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் வேலை செய்தது.

“எவ்வளவும்மா வந்துது?” என்றார் கோவிந்தப்பா.

“நொடிக்கு ஒன்றரை மெகாபைட் சார்.”

“ஒன்றரையா? பக்கத்து இயக்ககத்துல நாற்பதுன்னு பேப்பர்ல போட்டிருக்காங்களே!”

“அவங்க சின்ன ஃபைலா வெச்சு அளந்திருப்பாங்க சார். சின்னதுன்னா கார்டுக்கே போகாது. தற்காலிக நினைவுல வாங்கி வெச்சுக்கிட்டு ‘எழுதியாச்சு’ன்னு சொல்லிடும். அப்புறம் மெல்லத்தான் கார்டுல எழுதும்.”

கோவிந்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அதாவது, கைக்கு வந்ததுமே முடிஞ்சுதுன்னு எழுதிக்குது.”

“ஆமா சார்.”

“அம்மா, இது நம்ம ஆபீசுக்குன்னே பிறந்த மிஷின்மா!”

“நடுவுல கரண்ட் போனா எல்லாம் போயிடும் சார்.”

“யு.பி.எஸ். வாங்கச் சொன்னேனே?”

கதவோரம் நின்ற அட்டெண்டர் முனிகிருஷ்ணன் பணிவாகச் சொன்னார்: “அந்த ஃபைல் நாலு தடவை முடிஞ்சிருச்சு சார். யு.பி.எஸ். தான் இன்னும் வரல.”

“முடிஞ்சுதல்லா, அப்புறம் என்ன? சரிம்மா, வேகம் குறைய வேற என்ன காரணம்?”

“என்ன எழுதப் போறோம்னு முதல்ல ஒரு நாட்குறிப்புல குறிச்சுக்குது சார். பாதியில நின்னா அதைப் பார்த்து மீட்டுக்கலாம்.”

“நாட்குறிப்பா! இந்த ஆபீஸ்ல யாரு எழுதறாங்க? மிஷினுக்கு மட்டும் தனிச் சட்டமா? எடுத்துடும்மா. சின்ன ஃபைலா வெச்சு இன்னொரு தடவை அள.”

மௌரீன் ஒன்பது மார்ச் மாதங்களை நினைத்தாள். நாட்குறிப்பை எடுத்துவிட்டாள். மிகச் சின்ன ஃபைலாக வைத்தாள். அறுபது வந்தது. அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில், ‘மேற்படி சாதனம் நொடிக்கு அறுபது மெகாபைட் வேகத்தில் ஐயந்திரிபறப் பதிவு செய்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். கையெழுத்து அழகாகவே விழுந்தது.

தொடக்க விழாவன்று காலையிலிருந்து காகிதம் ஒழிக்கப்பட்டது. முதல் பதிவாக மௌரீனின் நிரந்தர ஆணையை கோவிந்தப்பாவே தன் ஒற்றை விரலால் தட்டினார். ‘பதிவாயிற்று’ என்றது திரை. கைதட்டினார்கள். மைசூர் பாக்குத் தட்டு அவளிடம் வருவதற்குள் மின்விசிறிகள் நின்றன.

நாற்பது நிமிஷம் கழித்துக் கரண்ட் வந்தது.

“சார், என் ஆர்டர் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.”

“இல்லாம எங்கம்மா போகும்? மூணாம் பக்கத்துல நீதானே எழுதியிருக்கே, ஐயந்திரிபறன்னு?”

அவள் பெயரைத் தட்டினார். விரலை எடுக்கும் முன்பே திரையில் பதில் வந்துவிட்டது: ‘அப்படி யாரும் இல்லை.’

கூடத்தின் பின்வரிசையில் யாரோ, “அப்பா, என்ன ஸ்பீடு!” என்றார்.

“பார்த்தியாம்மா?” கோவிந்தப்பாவின் குரல் தழுதழுத்தது. “முன்னெல்லாம் இந்தப் பதிலைச் சொல்ல நமக்கு ஆறு மாசம் ஆகும். நாளைக்கு வந்து புதுசா சேர்ந்துக்கோ.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதை மௌரீன் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.