ஷெட்டுக்கு வந்த கரண்ட்

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குள் உட்காருவதே இல்லை என்று கண்ணாடிக்காரர் முடிவெடுத்துவிட்டார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். கிட்டப்பார்வை, தூரப்பார்வை, எல்லாவற்றுக்கும் அவரிடம் கண்ணாடி உண்டு. மனைவி மனசுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இன்னும் லென்ஸ் வரவில்லை.

வாரம் முழுக்கக் கடை. ஞாயிறு ஒரு நாள் சாய்வு நாற்காலி. அதில் முதுகு படுவதற்குள் "ஏங்க!" என்று ஒரு குரல். பரணிலிருந்து பாத்திரம் இறக்க வேண்டும். இறக்கி வைத்துவிட்டு வந்து சாய்ந்தால் மறுபடியும் "ஏங்க!" குழாய் சொட்டுகிறது. அவள் 'ஏங்க, ஏங்க' என்று கூப்பிடக் கூப்பிட, இவர் நிம்மதிக்கு ஏங்க ஆரம்பித்துவிட்டார்.

பின்பக்கத்தில் மதிலோரமாக, வீட்டை விட்டுத் தள்ளித் தனியாக நின்றது கார் ஷெட். காரை எப்போதோ விற்றாயிற்று. உள்ளே பழைய டயர்களும் இருட்டும்தான். ஒரு விளக்கு, ஒரு ஃபேன், ஒரு ரேடியோ இருந்தால் சொர்க்கம். எந்தக் குரலும் அவ்வளவு தூரம் எட்டாது.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்ல முடியுமா?

"ஷெட்டுக்குக் கரண்ட் இழுக்கப் போறேன். தச்சு வேலை பழகப் போறேன்" என்றார்.

"தச்சு வேலையா? நீங்களா?"

"ஏன், நான் அடிச்சா ஆணி இறங்காதா?"

"இறங்கும். கட்டை விரல்ல."

"நக்கலா?"

"ஐயோ, இல்லங்க. ஆசைப்படறீங்க, செய்ங்க. சமையல்கட்டு ஜன்னல் வழியா ஒரு ஒயரை விட்டா முடிஞ்சுது."

ஜன்னல் வழியாக ஒயரா? பிளக் அவள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மிக்ஸி போடவேண்டும் என்று பிடுங்குவாள். ஃபேன் நிற்கும். அவர் மானம்தான் நிற்காது.

"அரைகுறை வேலையெல்லாம் எனக்குப் பிடிக்காது" என்று சொல்லி, எலக்ட்ரீஷியன் மின்னலை வரவழைத்தார். மின்னல் என்பது பட்டப்பெயர். வேகத்துக்காக வைத்ததல்ல. எப்போது வருவார், எந்தப் பக்கம் மறைவார் என்று யாருக்கும் தெரியாது.

மின்னல் ஷெட்டையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைக்கு மேல ஒயர் இழுக்கலாம் சார். இல்ல, மண்ணுக்கடியில குழாய் போட்டு கேபிள் கொண்டு போகலாம். ரெண்டும் வேணாம்னா ஷெட் கூரையில சோலார் பேனல் வச்சு, ஒரு பேட்டரி போட்டுடலாம்."

சோலார் என்றதுமே கண்ணாடிக்காரர் முகத்தில் சூரியன் உதித்தது. வீட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!

"நல்ல யோசனைங்க" என்றாள் மனைவி. "மழை நாள்லதான் கரண்ட் கம்மியா வருமாம். அப்போ உள்ள வந்து என்கூட உட்காந்துக்கலாம்."

சூரியன் அஸ்தமித்தது. "சோலார் வேணாம்."

"அப்ப மேல ஒயர்தான். மண்ணைத் தோண்டறதெல்லாம் உங்க உடம்புக்கு ஆகாது."

"யாருக்கு ஆகாது? கடப்பாரையைக் கொண்டா!"

மின்னல் தலையைச் சொறிந்தார். "என்ன லோடு வரும் சார்?"

"ஒரு பல்பு, ஒரு ஃபேன்" என்று மனைவி முந்திக்கொண்டாள். "நூல் மாதிரி ஒரு ஒயர் போதும்."

"நூலா? நான் என்ன பட்டமா விடப் போறேன்? மெஷின் ஓட்டப் போறேன்! நல்ல தடிமனா கேபிள் போடுங்க!"

"என்ன மெஷின் சார்?"

"எந்த மெஷினா இருந்தாலும் ஓடணும்!"

மின்னல் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

கண்ணாடிக்காரர் தோண்டினார். உள்ளங்கை கொப்புளித்தது, இடுப்பு தனிக்குடித்தனம் போய்விட்டது. விடவில்லை. குழி முழங்கால் ஆழம் வந்தபோது மனைவி டீ கொண்டுவந்தாள்.

"பரவாயில்லயே! ஆனா கை கழுவ வீட்டுக்குத்தானே வரணும்? வரும்போதெல்லாம் உங்களுக்குன்னு ரெண்டு வேலை எடுத்து வைக்கிறேன்."

டம்ளர் அவர் கையிலேயே நின்றது. "மின்னல்! ஷெட்டுக்குத் தண்ணிக் குழாயும் வரணும்!"

"அப்ப குழியை அகலப்படுத்துங்க சார். ரெண்டும் ஒட்டிக்கிடக்கக் கூடாது, தள்ளித் தள்ளித்தான் போடணும். கழுவுற தண்ணி வெளிய போகவும் வழி வேணும்."

அகலப்படுத்தினார். தண்ணீர் வெளியேறவும் தானே ஒரு கால்வாய் வெட்டினார்.

கடைசியில் எல்லாம் முடிந்தது. மின்னல் ஷெட்டுக்குள் சுவிட்ச் பெட்டியை மாட்டினார். வெளியே தரையில் கம்பி அடித்து எர்த் கொடுத்தார். "இனி ஷாக்கே வராது சார்" என்று உறுதி சொன்னார்.

ஞாயிறு வந்தது. கண்ணாடிக்காரர் சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, ரேடியோ பாடியது. நாற்காலியில் சாய்ந்து, காலை டயர்மேல் நீட்டிக் கண்ணை மூடினார். ஆகா!

கரகரவென்று ஏதோ உருளும் சத்தம்.

"கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க" என்றாள் மனைவி.

கண்ணைத் திறந்தார். வாசலில் மனைவியும் மின்னலும். நடுவே, சக்கரம் வைத்த பலகைமேல், வீட்டு வாஷிங் மெஷின்.

"இது எதுக்கு இங்க?"

"அது சுத்தினா வீடே ஆடுதுங்க. இங்க குழாய் இருக்கு, தடிமனான கேபிள் இருக்கு, தண்ணி போக வழி இருக்கு."

"இது என் ஷெட்!"

"உங்களுதுதான். யார் இல்லன்னா? கேபிள் நீங்க கேட்டது. குழாய் நீங்க கேட்டது. கால்வாய்கூட நீங்க வெட்டினது. நான் எதையாவது கேட்டேனா?"

யோசித்துப் பார்த்தார். ஒன்றையும் கேட்கவில்லை. தோண்டவும் வேண்டாம், தடிமனான ஒயரும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

மெஷினை மாட்டிய மின்னல், பேருக்கேற்றபடி மறைந்தார்.

"வீட்டுல இது நின்ன இடத்துல ஜன்னல் வெளிச்சம் நல்லா விழுது" என்றாள் மனைவி. "நாற்காலி போட்டாச்சு. நான் போய்ப் படிக்கப் போறேன். துவைச்சு முடிஞ்சா அதுவே கூவும். எடுத்துக் காயப் போட்டுடுங்க."

அது கூவியது. கோபப்படத்தான் பார்த்தார், சிரிப்புதான் வந்தது. ரேடியோவை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் துணிகளை அள்ளினார். கொடி வீட்டு ஜன்னலுக்கு எதிரே இருந்தது. உள்ளே அவள் கால்மேல் கால் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அது வேணாம் இது வேணாம்னு சொன்னியே, அதெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, ஈரப் போர்வையை இரு கையாலும் தூக்குவதற்காகக் கிளிப்பை வாயில் கவ்வினார்.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "வேணும்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

அவர் போர்வையை உதறிக் கொடியில் போட்டார். நல்லவேளை, வாயில் கிளிப் இருந்தது.